விருந்துத் தட்டில் சுட்ட குடைமிளகாய்: சிறுநீரக நோயாளிக்கும் ஒரு பங்கு

சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், அவருடைய சாப்பாடு பெரும்பாலும் இரண்டு விதங்களில் ஒன்றாக முடிந்துவிடுகிறது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடும்போது அவருக்கு மட்டும் உள்ளறையில் உப்பில்லாத இட்லியும் ஒரு கரண்டி கூட்டும் வைக்கப்படுகின்றன. இல்லையென்றால், “இன்று ஒரு நாள்தானே, ஆசையாகச் சாப்பிடட்டும்” என்று உறவினர்கள் பஜ்ஜியையும் சீஸ் உருண்டையையும் அவர் தட்டில் வைத்துவிடுகிறார்கள். முதலாவது விதத்தால் அவர் மனம் சோர்ந்து, அடுத்த விசேஷத்திற்கு வர மறுக்கிறார். இரண்டாவது விதத்தின் விளைவை நாங்கள் டயாலிசிஸ் பிரிவில் திங்கட்கிழமை காலையில் காண்கிறோம்: கால் வீக்கம், படுக்க முடியாத மூச்சுத்திணறல், மூன்று நான்கு கிலோ கூடிய எடை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வார இறுதியில்தான் இடைவெளி ஒரு நாள் கூடுகிறது. நம் வீட்டு விசேஷங்களும் அந்த வார இறுதியில்தான் நடக்கின்றன.

எல்லோருக்கும் ஒரே தட்டிலிருந்து பரிமாறக்கூடிய ஒரு பண்டமாவது விருந்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். சாப்பாட்டுக்கு முன் தரும் சிற்றுணவு அதற்கு மிகவும் ஏற்றது. சாம்பாரில் எவ்வளவு உப்பு உள்ளே போயிற்று என்பதைப் பரிமாறும்போது மாற்ற முடியாது. துண்டு துண்டாகச் செய்யும் பண்டத்தில் உப்பைக் கடைசியில் மேலே தூவிக்கொள்ளலாம், எத்தனை சாப்பிட்டோம் என்பதையும் எண்ணிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒன்றாகப் பூரணம் வைத்து ஓவனில் சுட்ட குடைமிளகாயை இங்கே விளக்குகிறேன். எண்ணெயில் பொரிக்க வேண்டியதில்லை. பார்வைக்கும் விருந்துப் பண்டமாகவே இருக்கும்.

“மிளகாய் ஆயிற்றே, சாப்பிடலாமா?” என்ற கேள்வி உடனே எழும். மிளகாயின் காரத்திற்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். குடைமிளகாய் மிளகாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் மரபணு மாற்றம் ஒன்றினால் அப்பொருளை உண்டாக்குவதில்லை. காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலில் குடைமிளகாயின் இடம் பூஜ்யம். வயிற்றுப்புண் உள்ளவரும் அஞ்ச வேண்டியதில்லை. தோல் சிலருக்குச் செரிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான்.

சிறுநீரக நோயாளி கேட்க வேண்டிய கேள்வி பொட்டாசியத்தைப் பற்றியது. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 175 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது; சிவப்பில் 210 அளவில் இருக்கும். உருளைக்கிழங்கில் அதே எடைக்கு 400க்கு மேல். நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்திலும் அவ்வளவு இருக்கும். ஒரு தம்ளர் இளநீரில் அதைவிடவும் கூடுதலாக இருக்கக்கூடும். ஆகவே காய்களுள் குடைமிளகாயை நாங்கள் தாராளமாகவே அனுமதிக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிறுநீரக நோய் என்ற பெயர் வந்தவுடனேயே எல்லோரும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அந்த அளவு என்னவென்று பாருங்கள். அது இயல்பாக இருக்கும்போது பழத்தையும் கீரையையும் முற்றிலும் விலக்கிவிட்டு, மலச்சிக்கலோடும் ருசியற்ற நாக்கோடும் வருபவர்கள் பலர். குறைப்பதும் கூட்டுவதும் அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் சொல்வதாக இருக்கட்டும்.

குடைமிளகாயிலுள்ள வைட்டமின் சி பற்றிச் சிறிய கிளைக்கதை ஒன்று உண்டு. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, ஆய்வுக்குத் தேவையான அளவு வைட்டமின் சி கிடைக்காமல் தவித்தபோது, அவ்வூரில் ஏராளமாக விளையும் பாப்ரிகா மிளகாயிலிருந்துதான் அதைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 80 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு. சிவப்பில் 120க்கும் மேல். சுடும்போது ஒரு பகுதி அழியும், மிஞ்சுவதே போதுமானது. காயில் கிடைப்பது நல்லதென்றால் மாத்திரையும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணி 500, 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரைகளைச் சிறுநீரக நோயாளிகள் தாமாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம். மிகையான வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியக்கூடும்.

ஆக, காயில் சிக்கல் இல்லை. சிக்கல் அதனுள் வைக்கும் பூரணத்தில்தான்.

உணவகங்களில் இப்பண்டத்தில் உருளைக்கிழங்கு மசியலையும் பதப்படுத்திய சீஸையும் திணிக்கிறார்கள். கடையில் இதழ் இதழாகக் கிடைக்கும் சீஸில் ஓர் இதழுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை சோடியம் இருப்பது வழக்கம். ஒரு நாளைக்கு நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் எல்லை 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. துண்டுக்கு ஓர் இதழாக நான்கு துண்டு சாப்பிட்டால் பாதி நாளின் பங்கு, பிரியாணி வருவதற்கு முன்பே முடிந்துவிடும். சோடியம் போனால் தாகம் வரும். தாகம் வந்தால் தண்ணீர் உள்ளே போகும். டயாலிசிஸ் நோயாளியிடம் “தண்ணீரைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உப்பைப் பற்றிப் பேசாமலிருப்பது பயனற்றது. உப்புத் தின்றவர் தண்ணீர் குடித்தே தீருவார்.

சீஸில் மறைந்திருக்கும் இன்னொரு பொருள் பாஸ்பேட். சீஸ் சீராக உருகுவதற்காகச் சேர்க்கும் உப்புகளில் பல, பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக இருக்கும் பாஸ்பேட்டில் பாதியளவே நம் குடல் உறிஞ்சுகிறது. இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டை ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாதபோது தோலில் அரிப்பு, எலும்புத் தேய்வு, இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புப் படிவு என்று விளைவுகள் தொடரும். பொட்டலத்தின் பின்புறம் ஐ.என்.எஸ். 339, 450, 452 என்ற எண்களில் ஏதேனும் இருந்தால் அது பாஸ்பேட் சேர்த்த பண்டம். வாங்கும்போது பேரன் பேத்தியிடம் கொடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

உருளைக்கிழங்குதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் இருந்தால், இரவெல்லாம் ஊறவைப்பதை நம்பியிருக்க வேண்டாம். அதனால் பொட்டாசியம் பெரிதாகக் குறைவதில்லை. தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் ஏறக்குறைய பாதி வெளியேறும். முழுக்கிழங்காகக் குக்கரில் வேகவைத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

என் தேர்வு வீட்டில் திரித்த பனீர். இரண்டு லிட்டர் பாலைக் காய்ச்சி, கொதி வந்ததும் இறக்கி, இரண்டு எலுமிச்சையின் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரியவிடுங்கள். மெல்லிய துணியில் வடித்து, குளிர்ந்த நல்ல நீரில் ஒரு முறை அலசி, அரை மணி நேரம் தொங்கவிட்டால் 300 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். வடிந்த நீரை வீணாக்காமல் சப்பாத்தி மாவு பிசையலாம் என்பது சமையல் குறிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் யோசனை. சிறுநீரக நோயாளிக்கான சப்பாத்திக்கு அது வேண்டாம். பாலிலுள்ள பொட்டாசியத்தின் பெரும்பகுதி அந்நீரோடுதான் போகிறது. அதனால்தான் பாலைவிடப் பனீர் இவர்களுக்கு ஏற்றதாகிறது. உப்புச் சேராத பனீரில் சோடியமும் சொற்பம்.

24 துண்டுகளுக்கான அளவைச் சொல்கிறேன். ஏறக்குறைய 125 கிராம் எடையுள்ள ஆறு குடைமிளகாய்களை ஓடும் நீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, மேலிருந்து கீழாக நான்காக வகிர்ந்து, விதையையும் வெள்ளை நரம்பையும் நீக்குங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு படகு போல இருக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் கலந்திருந்தால் அழகு; விலை உறுத்தினால் பச்சை மட்டுமே போதும்.

வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயத்தை நிதானமாக வதக்குங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும் வரை பத்து நிமிடமாவது ஆகும். உப்புக் குறைந்த சமையலில் நாக்கு தேடும் நிறைவை அந்தப் பழுப்புதான் தருகிறது. பிறகு நசுக்கிய ஆறு பூண்டுப் பல், சிறு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், சிட்டிகை மஞ்சள்தூள். அவை வதங்கியபின் வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. இரண்டு மேசைக்கரண்டி வறுத்த ரவையைத் தூவிக் கிளறி, உதிர்த்த பனீர் 300 கிராமும் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழையும் சேர்த்து மூன்று நிமிடம் சூடேற்றுங்கள். உப்பு கால் தேக்கரண்டி மட்டுமே. அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சையின் சாற்றைப் பிழியுங்கள். புளிப்பு இருக்கும் இடத்தில் நாக்கு உப்பை அதிகம் தேடுவதில்லை.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்சூடாக்குங்கள். குடைமிளகாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். பச்சையாகவே பூரணத்தை வைத்தால் அந்நீர் சுரந்து பண்டம் சொதசொதத்துப் போகும்; பலர் வீட்டில் இது சரியாக வராமைக்குக் காரணம் இதுவே. ஆகையால் வெற்றுத் துண்டுகளின் வெளிப்புறத்தில் எண்ணெய் தடவி, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, எட்டு முதல் பத்து நிமிடம் சுட்டெடுங்கள். நீரைத் துடைத்துவிட்டு, சூடான பூரணத்தை நிரப்பி, மீண்டும் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் மேற்புறம் சிவந்து, ஓரங்கள் லேசாகக் கருகும். ரவை எஞ்சிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிபோட்டுச் செய்யலாம். மேலே சிவக்காது, ருசியில் பெரிய குறையில்லை.

இப்போது உப்பு. 24 துண்டுகளுக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி என்றால், உப்பிலிருந்து ஒரு துண்டுக்குச் சேரும் சோடியம் ஏறத்தாழ 25 மில்லிகிராம். மற்றவர்களுக்கு இது போதாது. அவர்களுக்காக மேசையில் மிளகும் உப்பும் கலந்த பொடியை ஒரு சிறு கிண்ணத்தில் வையுங்கள். நாக்கில் முதலில் படுவது மேற்பரப்பு. உள்ளே கலந்த உப்பைவிட மேலே தூவிய சிட்டிகை உப்பு கூர்மையாக உறைக்கும். ஒரே தட்டு, ஒரே பண்டம். தூவிக்கொள்பவர் தூவிக்கொள்வார், தூவாதவரை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். தக்காளி சாஸ் மட்டும் அந்த மேசைக்கு வர வேண்டாம்; அதில் உப்பும் உண்டு, பொட்டாசியமும் உண்டு.

அந்தக் கிண்ணத்தில் சோடியம் குறைந்த உப்பை வைக்கலாமே என்று யாரேனும் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். தயவுசெய்து வேண்டாம். கடைகளில் அப்பெயரில் விற்கும் உப்புகளில் சோடியத்திற்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு அது நன்மை தரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் இதய மாத்திரைகளையும் எடுப்பவருக்கும் அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. உயர்ந்த பொட்டாசியம் வலியோ காய்ச்சலோ தந்து எச்சரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இவ்வகை உப்புக்கு ஆதரவாக வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என விலக்கப்பட்டிருக்கிறது.

எத்தனை துண்டு சாப்பிடலாம்? மூன்று துண்டுகளில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 200 மில்லிகிராம் பொட்டாசியமும் 7 கிராம் புரதமும் இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. மூன்று அல்லது நான்கு துண்டுகளை மகிழ்ச்சியாகச் சாப்பிடட்டும். டயாலிசிஸ் நிலையை எட்டாதவருக்கு நாங்கள் புரதத்தை அளவோடு தருவதால் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நான் அஞ்சுவது வேறொன்றைப் பற்றி. உடல் புதிய உறுப்பை ஏற்பதற்காக அவர்களுடைய நோய் எதிர்ப்பாற்றல் மருந்தால் தாழ்த்தப்பட்டிருக்கிறது. பிறருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்காக முடிவது அவர்களை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம். பூரணம் வைத்த பண்டம் வெளியே ஆறினாலும் உள்ளே நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும்; கிருமிகளுக்குப் பிடித்த சூழல் அது. சமைத்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் அது ஒரு மணி நேரம்தான். “மறுபடி சூடுபண்ணிவிட்டோம், டாக்டர்” என்பார்கள். சூடாக்கினால் கிருமி சாகும். சில கிருமிகள் ஏற்கெனவே உண்டாக்கி வைத்த நச்சு சாகாது. எனவே பூரணத்தையும் அரைவேக்காட்டுத் துண்டுகளையும் காலையிலேயே செய்து, ஆறியதும் தனித்தனியே மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். விருந்தினர் வந்தபின் நிரப்பி, உள்ளே ஆவி பறக்கும் வரை சுடுங்கள். குளிர்ந்த பூரணம் என்பதால் 20 நிமிடமாவது ஆகும். முதல் தட்டிலிருந்து முதல் துண்டு அவருக்கு. மேலே பச்சைத் தழை தூவ வேண்டாம். வெளியிலிருந்து வந்த பச்சைச் சட்னியும் வேண்டாம்.

நீரிழிவும் சேர்ந்திருப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். மாலை ஏழு மணிக்குச் சிற்றுணவு வரும். சாப்பாடு ஒன்பதரைக்கு வரும். வழக்கமான நேரம் என்று ஏழரைக்கே இன்சுலின் போட்டுக்கொண்டால், இந்தப் பனீர்த் துண்டுகளில் மாவுச்சத்து குறைவாக இருப்பதால் சர்க்கரை தாழ்ந்துபோகும். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் இன்சுலின் வெளியேறவும் தாமதமாகும் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. சாப்பாட்டு வேளைக்கான ஊசியைச் சோறோ இடியாப்பமோ இலையில் விழும் நேரத்தோடு எப்படி ஒத்துவைப்பது என்று விருந்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பும் வியர்வையும் வந்தால் இளநீரையோ ஆரஞ்சுச் சாற்றையோ தேட வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிதளவு நீரில் கரைத்துக் குடியுங்கள்.

அதே மேசையிலிருக்கும் பழக்கலவையையும் ஒரு கண் பாருங்கள். நட்சத்திரப் பழம் அதில் இருந்தால் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்று டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்க வேண்டும். அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் ரசம், சூப், பாயசம், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ உடன் கொண்டுசெல்லுங்கள். உணவோடு கலந்து குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. வீட்டுக்குத் திரும்பிப் படுக்கப்போகும் முன் விழுங்கினால் பயன் மிகக் குறைவு. குடைமிளகாயின் முதல் கடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டிற்கான மாத்திரை அதற்குமேல் தனியாக எவ்வளவு வேண்டும் என்பது அந்தச் சாப்பாட்டில் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்த டயாலிசிஸ் நாளன்று எங்கள் உணவியல் நிபுணரிடம் விருந்தின் உணவுப் பட்டியலைக் காட்டினால் கணக்கிட்டுச் சொல்வார்.